எஸ்பெராண்டோ என்ற உருவாக்கப்பட்ட பொதுமொழியில் ‘மனைவி’ என்ற சொல்: உங்களுக்கு நேர்ந்த அனுபவம் என்ன?

நாகர்கோவில் வாசகி:
பத்மநாபபுரம் அரண்மனையில், தாய்க் கொட்டாரத்துப் பலாமரத் தூணருகே, சட்டையில் எஸ்பெராண்டோக்காரர்களின் அடையாளமான பச்சை நட்சத்திரம் குத்திய வெளிநாட்டுப் பெரியவர் ஒருவரைக் கண்டதும் ‘சலூடோன்’ (வணக்கம்) என்றேன். அவர் மகிழ்ந்து, உடன் வந்தவரைக் காட்டி, ‘மியா எட்ஸினோ’ (என் மனைவி) என்றார். அந்த அம்மா நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் ‘எட்ஸோ’ என்று எழுதி, கடைசி உயிரெழுத்துக்கு முன்னால் ‘இன்’ என்பதைச் செருகி, கணவனைக் குறிக்கும் சொல் மனைவியைக் குறிப்பதாக மாறுவதைக் காட்டினார். செருகிய அந்த இடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யாருக்கும் முன்னுரிமை தராத பொதுமொழி வேண்டும் என்று 1887இல் ஸாமென்ஹோஃப் வெளியிட்ட மொழியில், பெண் மட்டும் ஏன் ஒட்டுப்போட்டு உண்டாக்கப்பட வேண்டும்?

தக்கலை:
சகோதரி, அந்த அம்மா காட்டியது சொல்லின் இலக்கணம். அதன் பிறப்பு நேர்மாறானது. விவேகானந்தர் பாறைக்குப் படகேற வரிசையில் நின்றபோது ஒரு போலந்து இளைஞர் இதை எனக்கு விளக்கினார். பிறகு நானும் படித்து உறுதிப்படுத்திக்கொண்டேன். பட்டத்து இளவரசனின் மனைவியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் ஈற்றிலிருந்தே ‘எட்ஸின்’ என்ற பகுதியைப் பிரித்தெடுத்ததாக ஸாமென்ஹோஃப் கூறியிருக்கிறார். அவர் வளர்ந்த வீட்டுச் சூழலில் ஒலித்த யூதர்களின் இத்திஷ் மொழியில் ரபியின், அதாவது யூத மதகுருவின், மனைவியை ‘ரெபெட்ஸின்’ என்பார்கள். அதன் சாயலும் இதில் உண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆக, முதலில் பிறந்தவள் மனைவி. அவளிடமிருந்து ‘இன்’ஐக் கழித்தபின் எஞ்சியதே கணவன். தந்தையைக் குறிக்கும் ‘பத்ரோ’விலிருந்து தாயாகிய ‘பத்ரினோ’ வந்த வழக்கமான பாதை இங்கே தலைகீழாகிவிட்டது.

குளச்சல்:
தக்கலை நண்பரே, பிறப்பு எப்படியிருந்தாலும், இன்று அகராதியைத் திறப்பவர் ‘எட்ஸ்’ என்ற வேரைக் கணவன் என்றுதான் படிக்கிறார். ஆகவே சகோதரியின் மனத்தாங்கலைப் பிறப்பு வரலாறு தீர்த்துவிடாது. நான் இந்தச் சொல்லைக் கேட்டது ஒரு திருமண வீட்டில், விருந்தாளி ஒருவர் மணமக்களை வாழ்த்தியபோது, அவ்வளவுதான்.

ஆனால் கற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யாமல், ஒட்டுகளோடு குடும்பம் குடும்பமாக எழுதிப் பழகுங்கள். ‘கெ’ என்ற முன்னொட்டு இருபாலரையும் சேர்த்துச் சுட்டும்: ‘கெபத்ரோய்’ பெற்றோர், ‘கெஎட்ஸோய்’ தம்பதியர். ஆண்பாலுக்கும் தனியே ‘இச்’ என்ற ஒட்டு வேண்டும் என்று வாதிட்டு, ‘எட்ஸிச்சோ’ என்று கணவனைச் சொல்வோரும் இருக்கிறார்கள். அப்போது ‘எட்ஸோ’ பால் சுட்டாமல் வாழ்க்கைத்துணை என்றாகிவிடும். எல்லாரும் அதை ஏற்கவில்லை என்றாலும், நான் அந்தப் பக்கமே. சகோதரி அடுத்த முறை பச்சை நட்சத்திரத்தைக் கண்டால், நீங்கள் ‘இச்’ பயன்படுத்துவீர்களா என்று கேட்டு, கிடைக்கும் பதிலை இங்கே எழுதுங்கள்.

நாகர்கோவில் வாசகி:
கேட்கிறேன். ஆனால் கழித்து எஞ்சியதே கணவன் என்ற செய்தியை அன்றே அறிந்திருந்தால், அந்தச் சீட்டை வாங்கி நானும் எழுதிக் காட்டியிருப்பேன்.