மேஜிக் கிங்டம்: வெளி ஹோட்டலில் தங்குபவர்கள் காலையில் எந்தப் பக்கம் போவது?

சார்லட்வாசி

வணக்கம். அக்டோபர் நடுவில் ஆர்லாண்டோ போகிறோம். டிஸ்னி வேர்ல்டுக்கு ஒரே ஒரு நாள்தான், அதுவும் அங்குள்ள பூங்காக்களில் மேஜிக் கிங்டம் மட்டும். நான், மனைவி, 6 வயது மகள், 3 வயது மகன், திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா என்று ஆறு பேர். மகள் உயரம் 45 அங்குலம், மகன் 36. அம்மாவுக்கு மூட்டு வலி, அதிக நேரம் நிற்க முடியாது. தங்குவது கிஸ்ஸிம்மியில், டிஸ்னிக்கு வெளியே உள்ள ஹோட்டல். கார் இருக்கிறது.

என் திட்டம் இதுதான். 9 மணிக்குத் திறக்கும்போது வாசலில் இருப்பது. நேராக செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின், அப்புறம் பீட்டர் பான், அப்புறம் ஸ்பேஸ் மவுண்டன். ஆனால் டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களை அரை மணி நேரம் முன்னதாகவே ரைடுகளில் ஏற்றுகிறார்கள் என்று நேற்றுதான் தெரிந்தது. அப்படியானால் என் திட்டம் எடுபடுமா? காசு கொடுத்துக் குறுகிய வரிசையில் போகும் லைட்னிங் லேன் ஆறு பேருக்கும் வாங்குவதென்றால் கையைக் கடிக்கிறது. வீல்சேர் எடுத்தால் அம்மாவை வரிசை இல்லாமல் விடுவார்களா என்பதும் தெரிய வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் இன்னொரு முறை இவ்வளவு தூரம் வருவார்களா என்று சொல்ல முடியாது. அவர்களை நாள் முழுக்க வரிசையில் நிற்க வைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

டாம்பா அண்ணன்

தம்பி, நீங்கள் கேள்விப்பட்டது சரி. அந்த அரை மணி நேரத்தில் திறப்பது ஃபேன்டசிலேண்டும் டுமாரோலேண்டும்தான். நீங்கள் சொன்ன மூன்று ரைடுகளும் அந்த இரண்டு பகுதிகளுக்குள்தான் வருகின்றன. மைன் டிரெயினில் ஒரு வண்டிக்கு 20 பேர் மட்டுமே ஏற முடியும். 8:30க்கே உள்ளே போனவர்கள் அந்த வரிசையை நிரப்பிவிடுவார்கள். 9 மணிக்கு நீங்கள் போய் நிற்கப்போவது அதன் வாலில்.

எதிர்ப்பக்கம் போங்கள். பூங்கா நடுவில் இருக்கும் கோட்டையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் அட்வென்சர்லேண்ட், அதை ஒட்டி ஃப்ரான்டியர்லேண்ட். இந்தப் பக்கம் யாருக்கும் சலுகை கிடையாது, எல்லாருக்கும் 9 மணிதான். வெளி ஹோட்டல்காரரும் டிஸ்னி ஹோட்டல்காரரும் சமமாகப் புறப்படும் இடம் இது. கூட்டத்தில் பெரும்பகுதி அந்த நேரத்தில் மைன் டிரெயின் பக்கம் இருக்கும்.

முதலில் ஜங்கிள் குரூஸ். உயரக் கட்டுப்பாடு இல்லாத படகு, ஆறு பேரும் ஒன்றாக ஏறலாம். மதியத்தில் இதன் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம், காலையில் மட்டும்தான் சும்மா நடந்து போய் ஏற முடியும். அடுத்தது டியானாஸ் பயூ அட்வென்சர். 2024 ஜூனில் திறந்தது, பழைய ஸ்பிளாஷ் மவுண்டன் இருந்த அதே இடம். 40 அங்குலம் வேண்டும், மகளுக்குப் போதும். தண்ணீர் தெறிக்கும், பெரிய சறுக்கல் ஒன்று உண்டு. மகளுக்கு விருப்பமா என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

ஜெர்சி அம்மா

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. 3 வயதுப் பிள்ளைக்கு மேஜிக் கிங்டம் என்றால் ஃபேன்டசிலேண்ட்தான். பீட்டர் பான், வின்னி த பூ, டம்போ, இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. காலையில் பிள்ளைகள் தெளிவாக இருக்கும் நேரத்தை விட்டுவிட்டு, 11 மணிக்குமேல் வெயிலில் சிணுங்கும்போது அங்கே கூட்டிப்போனால் யாருக்கும் சந்தோஷம் இருக்காது. பீட்டர் பானுக்கு வரிசை நாள் முழுக்க இறங்காது. 9 மணிக்கு முன்னால் கொஞ்சம் பேர் நின்றாலும் பரவாயில்லை, அதை முதலில் முடியுங்கள் என்பேன்.

டாம்பா அண்ணன்

பீட்டர் பான் பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான். அந்தச் சின்னக் கப்பலில் இரண்டு பேர், மிஞ்சினால் மடியளவு பிள்ளை ஒன்றோடு மூன்று பேர். விருப்பம் ரொம்ப அதிகம், ஏற்றும் வேகம் ரொம்பக் குறைவு. வரிசை நீள்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

காலைத் திட்டம் போடும்போது ‘எந்த ரைடு பிரபலம்’ என்று மட்டும் பார்ப்பது போதாது. ஹான்டட் மேன்ஷனும் பிரபலம்தான். ஆனால் அங்கே இருக்கைகள் சங்கிலி மாதிரி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பைரேட்ஸ் ஆஃப் த கரீபியனில் படகு படகாக ஆட்களை அள்ளிக்கொண்டு போவார்கள். வரிசை வாசல் வரை வந்திருந்தாலும் கால் நகர்ந்துகொண்டே இருக்கும், பெரும்பகுதி நிழல். இவற்றைக் காலையில் செய்வது நேரத்தை வீணாக்குவது. மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மெதுவாக ஏற்றுகிற, எல்லாரும் விரும்புகிற ரைடுகளைத்தான் முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும்.

டம்போவுக்கு அவசரம் வேண்டாம் அம்மா. அங்கே இரண்டு சுற்றுகள் சேர்ந்து ஓடுகின்றன, ஒவ்வொன்றிலும் 16 யானைகள். காத்திருக்கும் பிள்ளைகள் விளையாட ஏசி கூடாரமும் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் அருகில் இருக்கும் பார்ன்ஸ்டார்மர் ஒரு நிமிட ரோலர் கோஸ்டர். 35 அங்குலம் போதும், தம்பியின் மகன் ஏறலாம். அக்காவும் தம்பியும் சேர்ந்து போகக்கூடிய ஒரே ரோலர் கோஸ்டர் அது, விட்டுவிடாதீர்கள். மைன் டிரெயினுக்கு 38 வேண்டும், மகனை விட மாட்டார்கள்.

சார்லட்வாசி

மிக்க நன்றி. 38 என்பது எனக்குத் தெரியாது, மகன் ஏறுவான் என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்பேஸ் மவுண்டன்? டிரான்?

டாம்பா அண்ணன்

டிரானுக்கு 48 அங்குலம், மகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44, உயரப்படி ஏறலாம். ஆனால் அதில் இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள முடியாது. முழுக்க இருட்டு. 6 வயதுப் பிள்ளைக்கு முதல் ரோலர் கோஸ்டராக அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பார்ன்ஸ்டார்மர், அப்புறம் மைன் டிரெயின், அதிலும் சிரித்துக்கொண்டே இறங்கினால் ஸ்பேஸ் மவுண்டன்.

அட்லாண்டா தங்கை

வீல்சேர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், மாமியாரை வீல்சேரில் அழைத்துப்போன அனுபவம் உண்டு. வீல்சேர் எடுத்தால் வரிசை இல்லாமல் விடுவார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான வரிசைகள் வீல்சேர் போகிற அகலத்தில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. மற்றவர்களோடு அதே வரிசையில்தான் போக வேண்டும். வரிசை குறுகலாக இருக்கும் சில ரைடுகளில், அப்போதைய காத்திருப்பு நேரத்துக்கு ஏற்ப ஒரு நேரம் குறித்துக்கொடுத்துப் பிறகு வரச் சொல்வார்கள்.

ஆனாலும் கட்டாயம் எடுங்கள் அண்ணா. அம்மா நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே வரிசையில் நகர்வார்கள், அதுவே பெரிய வித்தியாசம். வாடகைக்கு எடுக்கும் இடம் நுழைவாயிலிலேயே இருக்கிறது. ஜங்கிள் குரூஸில் படகுக்குள் படி இறங்க வேண்டும். வீல்சேரோடு ஏறுவதற்குத் தனிப் படகும் உண்டு, அது வரும் வரை காத்திருக்கத் தயாரா என்று கேட்பார்கள். ஹான்டட் மேன்ஷனில் நகரும் தரையில் நடந்து ஏற வேண்டும், முன்கூட்டியே சொன்னால் வேகத்தைக் குறைத்துக்கொடுப்பார்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

வெயில் ஏறியதும் பெரியவர்களுக்கு நல்ல இடம் கேரசல் ஆஃப் புராகிரஸ். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவாக்கிய காட்சி, அரங்கமே சுற்றும். ஏசியில் இருபது நிமிடம் உட்காரலாம். மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக் என்ற படக்காட்சியும் அப்படித்தான். இவற்றுக்குக் காத்திருப்பு பெரிதாக இருக்காது.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதுவும் வரிசைதான். வெளியிலிருந்து உணவு கொண்டுபோக அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. சூடு பண்ணத் தேவையில்லாத புளியோதரையும் சப்பாத்தி உருட்டலும் கட்டிக்கொண்டு போனோம். அப்பா அம்மாவுக்கு வயிறும் கெடாது. 12 மணிக்கு எல்லாரும் உணவுக் கடையில் நிற்கும்போது நீங்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருக்கலாம்.

ஜெர்சி அம்மா

தேதி முடிவாகிவிட்டதா தம்பி? அக்டோபரில் பல இரவுகள் தனி டிக்கெட்டில் ஹாலோவீன் பார்ட்டி நடத்துகிறார்கள். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்களை மாலை 6 மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். இரவு வாணவேடிக்கை கிடைக்காது என்பதால் பலர் அந்த நாளைத் தவிர்க்கிறார்கள். அதனாலேயே பகலில் கூட்டம் குறைவு. வரிசை மட்டும்தான் கவலை என்றால் பார்ட்டி நாள் நல்லது. கொலம்பஸ் டே வார இறுதியை மட்டும் விட்டுவிடுங்கள், பள்ளி விடுமுறைக் கூட்டம் அள்ளும்.

சார்லட்வாசி

ஐயோ, இது தெரியாமல் பார்ட்டி நாளுக்கு டிக்கெட் எடுக்கப் பார்த்தேன். அம்மாவுக்குக் கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை பார்ப்பதுதான் முக்கிய ஆசை. மகள் வீடியோவில் காட்டியதிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். எனவே பார்ட்டி இல்லாத நாளாகவே எடுக்கிறேன், செவ்வாய் அல்லது புதன் பார்க்கிறேன்.

மைன் டிரெயினை என்ன செய்வது? மகள் அதற்காகத்தான் காத்திருக்கிறாள்.

டாம்பா அண்ணன்

நல்ல முடிவு. அம்மாவின் ஆசைக்குக் கூடுதலாகக் கொஞ்சம் நிற்கலாம்.

மைன் டிரெயினுக்கு இரண்டு வழி. ஒன்று, லைட்னிங் லேன் சிங்கிள் பாஸ். அதைத் தனியாக ஒரு ரைடுக்கு மட்டும் வாங்கலாம், ஏறப்போகிறவர்களுக்கு வாங்கினால் போதும். அப்பா அம்மாவுக்கும் மகனுக்கும் எதற்கு? ஆறு பேர் செலவு இரண்டு மூன்று பேர் செலவாகக் குறைந்துவிடும். வெளி ஹோட்டல்காரர்களுக்கு 3 நாள் முன்னதாகக் காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும், டிஸ்னி ஹோட்டல்காரர்களுக்கு 7 நாள் முன்னதாகவே திறந்துவிடுகிறது. எனவே 7 மணிக்கு டிஸ்னி ஆப்பில் உட்கார்ந்திருங்கள், முந்தின இரவே கார்டு விவரங்களைப் பதிந்துவையுங்கள். இரண்டாவது வழி இரவு. பூங்கா மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வரிசையில் நுழைந்துவிட்டாலும் ஏற்றித்தான் அனுப்புவார்கள். ஆனால் விடிகாலையில் எழுந்த 6 வயதுப் பிள்ளை அதுவரை தாங்குமா? இந்த ஒன்றுக்கு மட்டும் காசு கொடுங்கள் என்பேன்.

பல ரைடுகளுக்குச் சேர்த்து வாங்கும் மல்ட்டி பாஸ் உங்களுக்கு அவசியமில்லை. அதில் முதலில் மூன்று எடுக்கலாம், அதிலும் பீட்டர் பான், ஜங்கிள் குரூஸ், டியானா போன்ற பெரிய ரைடுகளில் ஒன்றைத்தான் எடுக்க விடுவார்கள். காலையிலேயே இரண்டை முடித்துவிட்டால் மீதி பீட்டர் பான் ஒன்றுதான். அதை வாணவேடிக்கை நேரத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஆப்பில் பார்த்து, குறைந்திருக்கும்போது நுழையலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். ‘9 மணிக்கு வாசலில்’ என்று எழுதியிருந்தீர்கள். காரை நிறுத்தும் இடம் பூங்கா வாசலில் இல்லை தம்பி! ஏரிக்கு இந்தக் கரையில் நிறுத்தி, பாதுகாப்புச் சோதனை முடித்து, மோனோரயிலிலோ படகிலோ அக்கரை போக வேண்டும். இதற்கே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஹோட்டலிலிருந்து 7 மணிக்குக் கிளம்பினால் 8:15க்குள் கோட்டைக்கு முன்னால் இருக்கலாம், அந்த இடம் வரை வெளி ஹோட்டல்காரர்களையும் விடுவார்கள். அங்கே அட்வென்சர்லேண்ட் பாலத்தருகே கயிறு கட்டியிருப்பார்கள், அதை ஒட்டி நில்லுங்கள். வீல்சேரும் ஸ்ட்ரோலரும் இருப்பதால் படகுதான் வசதி, எதையும் மடிக்காமல் உருட்டிக்கொண்டே ஏறலாம். 600 பேர் ஏறுகிற படகு, இடம் கிடைக்காமல் போகாது.

சார்லட்வாசி

சரி, இப்போது தெளிவாக இருக்கிறது. 7 மணிக்குப் புறப்பாடு, படகு, அட்வென்சர்லேண்ட் பக்கம். ஜங்கிள் குரூஸ் எல்லாரும் சேர்ந்து, அடுத்து டியானா. 11 மணிக்கே சாப்பாடு. பிறகு ஹான்டட் மேன்ஷன், பைரேட்ஸ், பெரியவர்களுக்கு ஏசி அரங்கங்கள். டம்போ பக்கம் மாலையில். மைன் டிரெயினுக்கு எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் பாஸ், மகன் தாத்தா பாட்டியோடு இருப்பான்.

டியானாவில் மட்டும் ஒரு சந்தேகம். நானும் மனைவியும் ஒரே நேரத்தில் போனால் மகனை அம்மா அப்பாவிடம் விட வேண்டும். காலையில் அவன் என்னையோ மனைவியையோ விட்டு இருக்க மாட்டான்.

அட்லாண்டா தங்கை

அதற்கு ரைடர் ஸ்விட்ச் இருக்கிறது அண்ணா, காசு கிடையாது. டியானா வாசலில் நிற்கும் ஊழியரிடம் எல்லாருமாகப் போய்ச் சொல்லுங்கள், மகன் கண்ணெதிரே இருக்க வேண்டும். முதலில் நீங்கள் மகளோடு வரிசையில் போய் வாருங்கள். நீங்கள் திரும்பியதும் அண்ணி வரிசையில் நிற்காமல் லைட்னிங் லேன் வழியாகப் போவார்கள். மகளுக்குப் பிடித்திருந்தால் பெரும்பாலும் அம்மாவோடு இரண்டாவது முறையும் ஏற விடுவார்கள். அந்த நேரத்தில் மகனைப் பக்கத்து அட்வென்சர்லேண்டில் மேஜிக் கார்ப்பெட் ரைடில் ஏற்றுங்கள், தாத்தாவும் கூட உட்காரலாம்.