புதுப்பிப்பு: இடப்பக்கம் சாய்ந்த கா-6 கிளைடர் நேராகப் பறந்தது

கையால் வீசினால் என் பால்சா மரக் கிளைடர் (இயந்திரம் இல்லாத விமானம்) ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே சாய்ந்து விழுகிறது, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். 1955இல் முதலில் பறந்த ஜெர்மானிய மரக் கிளைடர் கா-6இன் பத்தில் ஒரு பங்கு மாதிரி அது, இறக்கை 1.5 மீட்டர்.

காரணம் கிடைத்துவிட்டது. இடது இறக்கை முறுக்கியிருந்தது. நுனியில் பின்விளிம்பு 4 மில்லிமீட்டர் மேலே தூக்கி நின்றதால் அந்தப் பக்கம் தூக்குவிசை குறைந்துபோனது. மரச் சட்டத்தின் மேல் காகிதம் ஒட்டி, டோப் என்ற மெருகுப் பூச்சைப் பூசியபின், இறக்கையைப் பலகையில் ஊசியால் குத்தி வைக்காமல் காயவிட்டேன், அதுதான் தவறு. டோப் காயும்போது காகிதம் இறுகும். அந்த இழுப்பில் மெல்லிய சட்டம் திரும்பிவிடும்.

கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டி, எதிர்த்திசையில் கொஞ்சம் கூடுதலாகவே முறுக்கிப் பிடித்து, இரவு முழுக்கப் பலகையில் குத்தி வைத்தேன். நீங்கள் சொன்ன வழிதான், நன்றி. அப்புறம் ஈர்ப்பு மையம்: முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வரும்வரை மூக்கில் ஈயம் சேர்த்தேன். 35 கிராம் பிடித்தது.

ஞாயிறு விடியலில், காற்று எழும்முன், புல்தரையில் மெல்லத் தள்ளிவிட்டேன். தோள் உயரத்திலிருந்து 15 மீட்டர், நேர்கோட்டில்! சத்தமே இல்லாமல் மிதந்து இறங்கியது. அடுத்த வாரம் கயிறு கட்டி இழுத்து ஏற்றப் போகிறேன்.