இன்ஸ்டால் பாதியில் கிராஷ் ஆகிறதா? எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்து வையுங்கள்

விண்டோஸோ லினக்ஸோ, கிராஷ் ஆனதும் வேறு ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்யப் பயன்படும் டிஸ்க் இமேஜ் கோப்பு) தேடி ஓடாதீர்கள். அதையே இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நின்றால் பென் டிரைவ், ஐஎஸ்ஓ, டிரைவர் பக்கம் தேடலாம். ஒருமுறை 12 சதவீதம், அடுத்து 67, பிறகு நீலத் திரை என்று இடம் மாறினால் பெரும்பாலும் ராம், பவர் சப்ளை அல்லது சூடு.

"பழைய விண்டோஸ் நன்றாகத்தானே ஓடியது" என்று எல்லோரும் கேட்பார்கள். அன்றாட வேலையில் ராமில் ஒரு பிட் பிசகினால் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். இன்ஸ்டாலர் அப்படி விடாது. பல ஜிபி சுருக்கிய கோப்பை ராமில் விரித்து, சரிபார்த்துத்தான் டிஸ்கில் எழுதும். ஒரு பிட் மாறினாலும் நின்றுவிடும்.

*

80070570 என்று முடியும் பிழை இதற்கு நல்ல உதாரணம். கோப்பு கெட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லும், கெடுத்தது எது என்று சொல்லாது. முதலில் ஐஎஸ்ஓவின் ஷா-256 மதிப்பை (கோப்பின் கைரேகை மாதிரி), வெளியிட்டவர்கள் தந்திருக்கும் மதிப்போடு ஒப்பிடுங்கள். அது சரியாக இருந்தால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பை, அணைத்துவிட்டு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது) கணினி என்றால் 6-ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும். குறைந்தது ஒரு முழுச் சுற்று. இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றே கொள்ளுங்கள்.

பிழை வந்தால் ராம் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். எந்த ஸ்டிக் போட்டாலும் அந்த ஸ்லாட்டில் மட்டும் பிழை என்றால் மதர்போர்டையோ, சிபியுவின் சாக்கெட் பின்களையோ பார்க்க வேண்டும். எக்ஸ்எம்பி இருந்தால் பிழை, அணைத்தால் இல்லை என்றால் ஸ்டிக்கைத் தூக்கிப் போட வேண்டாம். அந்த வேகம் அந்த ராம், சிபியு, மதர்போர்டு கூட்டணிக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவே.

*

ராம் தேறிவிட்டால் அடுத்து டிஸ்க். சாட்டா டிஸ்கின் ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) 5, 197, 199 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். முதல் இரண்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் தேய்கிறது. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண்ணிக்கை குறையாது. மேலே ஏறாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

டிஸ்கே தெரியவில்லை என்றால் கதை வேறு. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி (டிஸ்குகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) இயங்கிக்கொண்டிருக்கும். அதன் டிரைவரைப் பென் டிரைவில் போட்டு 'லோட் டிரைவர்' வழியே ஏற்றுங்கள். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும், ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். அதை வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் தொடவே வேண்டாம்.

*

லினக்ஸ் போடும்போது திரை கறுத்துப்போனால் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) உயிரோடு இருக்கிறது, சிக்கல் கிராஃபிக்ஸில். அழுத்தாமலே விளக்கு சிமிட்டினால் பல கணினிகளில் அது கெர்னல் பேனிக், அதாவது கெர்னலே செயலிழந்து நின்றுவிட்டது.

கிராஃபிக்ஸ் என்றால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' (e) விசையை அழுத்தி, 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (nomodeset) சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இன்ஸ்டால் முடிந்து சரியான டிரைவர் ஏறியதும் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். இருந்தால் கார்டின் முழு வேகம் கிடைக்காது.

*

விண்டோஸ் இன்ஸ்டாலில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்கும். எக்ஸ் டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'பாந்தர்' (Panther) என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் 'செட்அப்எர்' (setuperr) என்ற லாக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். எந்தக் கோப்பில், எந்த டிரைவரில் நின்றது என்று பெரும்பாலும் அங்கே இருக்கும். எக்ஸ் டிரைவ் ராமில் உருவானது, ரீஸ்டார்ட் செய்தால் லாக் போய்விடும். முதலில் பென் டிரைவுக்குக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.