கல்லீரல் செய்யும் வேலையை மூச்சுக்குழாயும் செய்யுமா?

தேன்சிட்டு கேட்டது:
ஆறு வருடமாக எனக்கு ஆஸ்துமா. போன மாதம் டாக்டர் இன்ஹேலரை சிக்லெசோனைடுக்கு மாற்றினார். "உள்ளே இழுக்கும்போது இது பாதி மருந்துதான், மூச்சுக்குழாய்தான் அதை முழு மருந்தாக்கும்" என்றார். வெளியிலிருந்து வரும் வேதிப்பொருளை மாற்றுவது கல்லீரல் என்றுதானே படித்தோம்? அப்படியானால் சிகரெட் புகை, பெயின்ட் வாடையையும் மூச்சுக்குழாயே சுத்தம் செய்துவிடுமா?

நீள்குழல்:
டாக்டர் சொன்னது சரி. மூச்சுப்பாதைச் செல்களில் இருக்கும் எஸ்டரேஸ் நொதிகள் அந்த மூலக்கூறில் ஒரு பிணைப்பை வெட்டுகின்றன. அப்படிக் கிடைக்கும் டெஸ்சிக்லெசோனைடு, செல்லுக்குள் மருந்து பற்றிக்கொள்ளும் இடமான ஸ்டீராய்டு ஏற்பியில், நீங்கள் உள்ளே இழுத்த வடிவத்தைவிட ஏறக்குறைய 100 மடங்கு இறுக்கமாக ஒட்டும்.

ஆனால் 'சுத்தம்' என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மனித மூச்சுக்குழாய்ச் செல்களை வளர்ப்பதுதான் என் வேலை. கீழே திரவம், மேலே காற்று என்று வைத்து மூன்று நான்கு வாரம் காத்திருந்தால் நுண்மயிர்கள் அசையத் தொடங்கும், சளி சுரக்கும். முதல் தடவை அந்த அசைவைப் பார்த்த அன்று நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்க மனமே வரவில்லை.

இந்தத் திசுவில், வெளியிலிருந்து வரும் வேதிப்பொருளை மாற்றும் பி450 நொதிகள் கல்லீரலைவிட மிகக் குறைவு. ஆனால் புகை பட்டால் சிஒய்பி1ஏ1 என்ற நொதி சட்டென்று பெருகும். புகையிலுள்ள பென்சோபைரீனைத் தண்ணீரில் கரையவைத்து வெளியேற்றத்தான் அது ஆக்சிஜனைச் சேர்க்கிறது. நடுவழியில் பிறக்கும் டையால் எப்பாக்சைடு நேராக டி.என்.ஏ.வின் குவானினில் போய் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே வந்ததைவிட மோசமான பொருளை நம் செல்லே செய்துவிடுகிறது! இப்படிப்பட்ட நச்சுகளைப் பிடித்து முடக்கும் குளூட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு அதை முந்திப் பிடித்தால் தப்பித்தோம். தினமும் புகைப்பவருக்கு இந்தப் பந்தயம் ஓயாமல் நடக்கிறது.

கடற்காகம்:
ஒன்று சேர்க்கிறேன். நாஃப்தலீன் (அந்துருண்டைப் பொருள்) ஆவி பட்டால் சுண்டெலியின் மூச்சுக்குழாய் உள்சுவரிலுள்ள கிளப் செல்கள் என்ற வகைச் செல்கள் கொத்தாகச் சாகும். நாஃப்தலீனை நஞ்சாக்கும் நொதி அங்கே ஏராளம். மனிதத் திசுவில் அதே மாற்றம் மிக மெதுவாகத்தான் நடக்கும். எலியில் கண்டதை அப்படியே நமக்குப் பொருத்திவிடாதீர்கள்.

தேன்சிட்டு:
நன்றி. அப்போ பெயின்ட் அடிக்கும் அறையில்?

நீள்குழல்:
இருக்காதீர்கள். நொதி வேலையை முடிக்கும்வரை ஆஸ்துமா காத்திருக்காது. வாடை பட்ட சில நிமிடத்திலேயே குழாய் சுருங்கிவிடலாம்.