ஹாஷெக்கா, ப்ரோடூரா, சாவ்சுக்கா? வெவ்வேறு காலத்து ஐஸ் ஹாக்கி கோலிகளை (கோல்கீப்பர்களை) எப்படி ஒப்பிடுவது?

பனித்தளம்:
ஒரு வாரமாக மாமாவோடு இதே வாக்குவாதம்தான். அவர் டொராண்டோவுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் ஆட்டம் எதையும் விடமாட்டார். மார்ட்டின் ப்ரோடூரிடம் 691 வெற்றி, 125 ஷட்அவுட் (ஒரு கோல்கூட விடாத ஆட்டம்) இருக்கும்போது வேறு யாரைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறார். எனக்கு டொமினிக் ஹாஷெக்தான். ஆனால் 1950களில் ஆடிய டெர்ரி சாவ்சுக்கை எதை வைத்து அளப்பது? சேவ் சதவீதத்தை, அதாவது வந்த ஷாட்டுகளில் எத்தனை சதவீதம் தடுத்தார் என்பதை எடுத்தால் இன்றைய சாதாரண கோலிகூட 1980களின் ஜாம்பவான்களைத் தாண்டிவிடுகிறார். நீங்கள் எல்லாம் எப்படிப் பார்க்கிறீர்கள்?

நீலக்கோடு:
எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். 1987-88இல் கிராண்ட் ஃபியூர் 88.1 சேவ் சதவீதத்தோடு, சிறந்த கோலிக்கான வெசினா கோப்பை வாங்கினார், இன்று அந்த எண்ணோடு ஒருவருக்கு என்ஹெச்எல்லில் இடம் கிடைப்பதே கஷ்டம். 1981-82இல் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணிகளும் சேர்ந்து சராசரியாக 8 கோல், 2003-04இல் 5 சொச்சம்தான். அதைவிடப் பெரிய உதாரணம் மான்ட்ரியலின் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வர்த். 1928-29இல் 44 ஆட்டத்தில் 22 ஷட்அவுட்! அப்போது எதிரணி வலைக்கு அருகில் இருக்கும் பகுதியில் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) முன்னோக்கி பாஸ் செய்யவே அனுமதி இல்லை. அடுத்த சீசனில் அனுமதித்தார்கள், அதே மனிதருக்கு 4 ஷட்அவுட்தான் கிடைத்தது.

அதனால் அந்தந்த சீசனின் லீக் சராசரியை விட்டு ஒருவர் எவ்வளவு தூரம் மேலே நின்றார் என்றுதான் நான் பார்ப்பேன். 1998-99இல் ஹாஷெக்கின் சேவ் சதவீதம் 93.7, லீக் சராசரி 91ஐத் தொடவில்லை. ஆயிரம் ஷாட்டுக்கு 25 கோலுக்கு மேல் கூடுதலாகத் தடுத்திருக்கிறார். ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு, மல்லாந்து கிடந்தபடி வெறுங்கையால் பக்கை அமுக்கும் அந்த ஆட்டத்தை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

பழையகாலுறை:
தம்பி சொல்லும் அளவுகோல் சரிதான், ஆனால் சராசரி என்பது யாருடைய சராசரி? 1942 முதல் 1967 வரை லீக்கில் 6 அணிகள்தான். அதில் நடுவில் நிற்பவரே உலகின் மிகச் சிறந்த சிலரில் ஒருவர். அவர்களைத் தாண்டி கொஞ்சம் மேலே நிற்பதே பெரிய விஷயம். அப்புறம் மாஸ்க். 1959 நவம்பர் 1, நியூயார்க்கில் எதிரணியின் ஆண்டி பாத்கேட் அடித்த பக் மான்ட்ரியல் கோலி ழாக் பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. மாற்று கோலி இல்லை, தையல் போட்டுக்கொண்டு வந்தவர் மாஸ்க் இல்லாமல் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். பயிற்சியாளர் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார், ஆட்டத்தையும் 3-1 என்று ஜெயித்தார்கள். இன்னொரு கோலி கிளென் ஹால் தொடர்ந்து 502 ஆட்டங்கள் ஆடினார், அத்தனையும் வெறும் முகத்தோடு. இதை எந்தச் சதவீதத்தில் சேர்ப்பீர்கள்?

நீலக்கோடு:
ஒத்துக்கொள்கிறேன் அண்ணா, அதைச் சேர்க்க என்னிடம் வழியில்லை. கோப்பைகளை எண்ணும்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1981 வரை வெசினா என்பது குறைவாக கோல் வாங்கிய அணியின் கோலிக்குப் போனது, அதற்குப் பிறகுதான் ஓட்டுப் போட்டுக் கொடுக்கிறார்கள். பிளான்ட்டின் 7ஐயும் ஹாஷெக்கின் 6ஐயும் நேருக்கு நேர் வைக்க முடியாது. ப்ரோடூரின் வெற்றிக் கணக்கிலும் 2005-06இல் ஷூட்அவுட் (சமநிலையில் முடிந்தால் ஒவ்வொருவராக கோலியை எதிர்த்து அடித்து வெற்றியை முடிவுசெய்யும் முறை) வந்தபின் கிடைத்தவை இருக்கின்றன, முன்பு அவை டிராவாகப் போயிருக்கும்.

பனித்தளம்:
மாமாவிடம் ஷூட்அவுட் விஷயத்தைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவில்லை. சரி, சாவ்சுக்? அவருடைய உச்சம் 1950-55, ஷாட் கணக்கு கிடைப்பதோ 1955-56இலிருந்துதான்.

பழையகாலுறை:
அந்த ஐந்து சீசனிலும் ஓர் ஆட்டத்துக்கு 2 கோலுக்குக் கீழேதான் வாங்கினார். டெட்ராய்ட் அணியில் அவருக்கு முன்னால் கோர்டி ஹோ, ரெட் கெல்லி போன்ற நட்சத்திரங்கள் ஆடினார்கள் என்பது உண்மை. ஆனால் 1952 பிளேஆஃபை (சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்று) பாருங்கள்: 8 ஆட்டம், 8 வெற்றி, 4 ஷட்அவுட், மொத்தம் வாங்கியது 5 கோல், டெட்ராய்ட் மைதானத்தில் ஒன்றுகூட இல்லை. மாமாவிடம் இதையும் சொல்லுங்கள்.