உதவி: வீட்டு டேகெயாருக்கு அக்ரிமெண்ட் எழுதுறது எப்பிடி? (அவசரம்)

மல்வேர்ண்_வாணி
எல்லாருக்கும் வணக்கம். கனடாவில ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில வீட்டில வைச்சுப் பிள்ளையள் பாக்கிறன். இவ்வளவு நாளும் வாய்ப்பேச்சுத்தான், கடுதாசி ஒண்டும் இல்லை. இப்ப ஒரு தாய் ஒவ்வொரு நாளும் பிந்தி வாறா, கேட்டா 401 நெடுஞ்சாலையில ட்ரஃபிக்காம். இன்னொராள் பிள்ளை வராத நாளுக்குக் காசைக் கழிச்சுப்போட்டு அனுப்புறார். திங்கட்கிழமை எல்லாருக்கும் அக்ரிமெண்ட் குடுக்கோணும். ஆரிட்டையாவது மாதிரி இருந்தாப் போடுங்கோ ப்ளீஸ்.

ரூஜ்_ஆறு
எத்தினை பிள்ளையள்? என்ன வயசு? டேகெயார் ஏஜென்சிக்குக் கீழ செய்யிறீங்களோ, தனியவோ?

சுதா_அக்கா
தங்கச்சி, டெபாசிட்தான் இதுக்கு மருந்து. சேரேக்கையே ரெண்டு கிழமைக் காசு வாங்கி வையும். அது கடைசி ரெண்டு கிழமைக்குக் கழியும் எண்டு எழுதும். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாற கிழமைக்கான காசு இ-ட்ரான்ஸ்ஃபர் வரோணும். வரேல்லையோ, திங்கட்கிழமை கதவு திறக்காது. பிள்ளை வந்தாலும் வராட்டிலும் காசு. அவை குடுக்கிறது இடத்துக்கு.

கணக்கர்
தேடல் பெட்டி எண்டு ஒண்டு மேல இருக்கு. இதே கேள்வி மாசத்துக்கு ஒருக்கா வருது. மற்றவையின்ர அக்ரிமெண்டைப் பிரதி பண்ணுறது, பக்கத்து வீட்டுக்காரரின்ர மருந்தை வாங்கிக் குடிக்கிற மாதிரி. ரூஜ் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்கோ. லைசன்ஸ் இல்லாமத் தனியச் செய்யிறதெண்டா ‘இது ஒன்ராறியோ அரசின் லைசன்ஸ் பெற்ற பராமரிப்பு அல்ல’ எண்டு தாய் தகப்பனுக்கு எழுத்தில குடுக்கோணும், குடுத்ததுக்குப் பதிவும் வைச்சிருக்கோணும். அது ஆருக்காவது தெரியுமோ?

ப்ரிம்லி_பாபு
அக்கா, ‘பிள்ளைக்கு என்ன நடந்தாலும் நான் பொறுப்பில்லை’ எண்டு ஒரு வரி போட்டுக் கையெழுத்து வாங்குங்கோ. மிச்சமெல்லாம் சும்மா.

ரூஜ்_ஆறு
பாபு, அந்த வரியை நம்பி இருக்கேலாது. பிள்ளையின்ர உரிமையைத் தாய் தகப்பன் கையெழுத்துப் போட்டு விட்டுக்குடுக்கேலாது எண்டு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில 2009 இலயே தீர்ப்பு வந்திட்டுது. அதைவிட வீட்டு இன்சூரன்ஸ்காரரிட்ட டேகெயார் செய்யிறதைச் சொல்லி, அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கோ. சொல்லாம வைச்சிருந்து ஏதும் நடந்தா அவை கையை விரிப்பினம்.

நிலா_அம்மா
பிந்தி வாறதுக்கு நிமிசத்துக்கு ஒரு டொலர் போடுங்கோ. அடுத்த நாளே திருந்துவினம்.

ஜீவன்_எம்
திருந்தாயினம். இஸ்ரேலில ஹைஃபாவில பத்து டேகெயாரில ஆராய்ச்சிக்காரர் பாத்தவை. பத்து நிமிசத்துக்கு மேல பிந்தினா 10 ஷெக்கல் அபராதம் எண்டு போட்ட இடங்களில பிந்தி வாறவை கூடித்தான் போச்சினம். முதல்ல இருந்த வெக்கம் போட்டுது, ‘காசுதானே குடுக்கிறம்’ எண்டாச்சு. பிறகு அபராதத்தை நிப்பாட்டியும் பழைய நிலைக்கு வரேல்லை. 2000 இல வந்த கட்டுரை.

நிலா_அம்மா
10 ஷெக்கல் ஆருக்கு நோகும்? நோகிற மாதிரிப் போடோணும். நான் போட்டிருக்கிற வரி இதுதான்: ‘5.30 என்பது பிள்ளை ஸ்னோபேன்ட்ஸும் சப்பாத்தும் போட்டு வாசலைத் தாண்டும் நேரம். என் குசினி மணிக்கூட்டின்படியே கணக்கு. பிந்தின காசு அன்றே, கையில். மாதத்தில் மூன்று முறைக்கு மேல் பிந்தினால் பிள்ளையை நிறுத்த இரண்டு கிழமை நோட்டீஸ்.’ உந்தக் கடைசி வசனத்துக்குத்தான் பயப்பிடுகினம்.

ஜீவன்_எம்
அப்ப நோட்டீஸ்தானே வேலை செய்யுது, டொலர் இல்லையே. அதைத்தான் நானும் சொல்லுறன்.

சுதா_அக்கா
டெபாசிட் இருந்தா இந்தக் கதையே தேவையில்லை.

கந்தையா_பேரன்
எங்கட ஆக்களுக்குள்ள இதென்ன கோதாரி அக்ரிமெண்ட்? ஊரில பக்கத்து வீட்டில விட்டிட்டுத்தானே வேலைக்குப் போனவை. கையில காசைக் குடுத்தமா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனமா எண்டு இருக்கோணும்.

தாமரை_ஆர்
கையில காசு குடுத்து ஏமாந்த தாய் நான். வருசக் கடைசியில ரிசீட் கேக்க, ‘அப்பிடி ஒண்டும் எங்களுக்குள்ள கதைக்கேல்லையே’ எண்டா. ஏழு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு 8,000 டொலர் வரைக்கும் டாக்ஸில கழிக்கலாம். ரிசீட்டில பாக்கிறவவின்ர சின் நம்பர் (அரசாங்கம் ஒவ்வொருத்தருக்கும் குடுக்கிற சமூகக் காப்புறுதி இலக்கம்) வேணும். எங்கட ஆக்கள் எண்டுதான் நானும் வாய் மூடி இருந்தனான்.

கந்தையா_பேரன்
சின் நம்பரைக் குடுத்தா அவ டாக்ஸ் கட்டோணுமே. அதை ஆர் குடுப்பினம்?

கணக்கர்
கட்டத்தான் வேணும். அதோட தாய் தகப்பன் கேட்டா ரிசீட் குடுக்கிறதும் சட்டம். இழை எங்கயோ போகுது. வாணி, எத்தினை பிள்ளையள்?

மல்வேர்ண்_வாணி
மன்னிக்கோணும், பிள்ளையள் நித்திரையாக்கிப்போட்டு வாறன். தனியத்தான் செய்யிறன். 5 பேர், ரெண்டு வயசுக்குக் கீழ 2 பேர். என்ர மகனும் நிக்கிறான், அவனுக்கு 3.

கணக்கர்
இதை முதல் வரியில எழுதியிருக்கோணும். லைசன்ஸ் இல்லாட்டி 13 வயசுக்குக் கீழ 5 பேர்தான் உச்சம். உங்கட சொந்தப் பிள்ளைக்கு 4 வயசு ஆகேல்லை எண்டா அவனும் அந்தக் கணக்கில. அப்ப 6 பேர். ஆரும் முறைப்பாடு குடுத்தா இன்ஸ்பெக்டர் வருவார். அக்ரிமெண்ட் அதுக்குப் பிறகு.

மல்வேர்ண்_வாணி
ஐயோ. அவன் என்ர பிள்ளை எல்லோ?

ரூஜ்_ஆறு
பயப்பிடாதேங்கோ அக்கா. ஒரு பிள்ளையைக் குறைக்கலாம், இல்லாட்டி லைசன்ஸ் உள்ள ஏஜென்சியில சேரலாம். அங்க 6 பேர் வரைக்கும் விடுவினம், உங்கட மகனையும் சேர்த்துத்தான். அந்த ஏஜென்சி டேகெயார் காசைக் குறைக்கிற அரசாங்கத்தின்ர 10 டொலர் திட்டத்தில இருந்தா தாய் தகப்பனுக்கும் காசு குறையும். ஆனா வீட்டை வந்து பாப்பினம், அவையின்ர விதிப்படிதான் நடக்கோணும். இப்போதைக்கு அக்ரிமெண்டில காசு, நேரம், நோட்டீஸோட இதுகளையும் விடாதேங்கோ: ஆர் ஆர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்ட பேர்ப் பட்டியல் (பிரிஞ்சு இருக்கிற தாய் தகப்பன் எண்டா நீதிமன்றக் கட்டளையின்ர கொப்பி), என்ன அலர்ஜி, எழுத்தில இல்லாம டைலனோல் மாதிரிக் காய்ச்சல் மருந்து குடுக்கிறேல்லை, காய்ச்சல் மருந்தில்லாம விட்டு 24 மணித்தியாலம் ஆகாம வரக்கூடாது, நீங்கள் லீவு எடுக்கிற நாளுக்குக் காசு உண்டோ இல்லையோ. படம் எடுத்து வட்ஸ்அப்பில போடுறதுக்கும் கேட்டு வையுங்கோ.

ப்ரிம்லி_பாபு
நான் சொன்ன வரியையும் சேருங்கோ, சும்மா கிடக்கட்டும்.

மல்வேர்ண்_வாணி
அக்ரிமெண்ட் குடுத்திட்டன். மூண்டு பேர் கையெழுத்து வைச்சிட்டினம். காசு கழிக்கிறவர் பிள்ளையை எடுத்திட்டார், அதோட கணக்கும் 5 ஆச்சு. 401 காரி இன்னும் வாசிக்கிறாவாம். எல்லாருக்கும் நன்றி.

சுதா_அக்கா
டெபாசிட் வாங்கினனீரோ இல்லையோ, அதைச் சொல்லும்.