இணையத்தின் தொடக்ககால விசித்திரப் பக்கங்கள்: யார் உருவாக்கினார்கள், இன்றும் கிடைப்பவை எவை?

நூலகப்பூனை:

அனைவருக்கும் வணக்கம். நான் இணையத்தைப் பயன்படுத்தத் தொடங்கியதே 2009இல்தான். தொண்ணூறுகளில் ஒரு காப்பிப் பாத்திரத்தையும் ஒரு மீன்தொட்டியையும் பல நாட்டு மக்கள் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னபோது, என்னைச் சீண்டுகிறார் என்றே நினைத்தேன். தேடிப் பார்த்ததில் அவர் சொன்னது பொய்யன்று என்பது மட்டும் புரிந்தது. அத்தகைய பக்கங்களை யார், எதற்காக உருவாக்கினார்கள், அவற்றால் யாருக்கேனும் பயன் இருந்ததா, இன்றும் பார்க்கக் கிடைப்பவை எவை என்று விவரம் அறிந்தவர்கள் எழுதினால் மகிழ்வேன். முகவரிப் பட்டியலைவிட அவை தோன்றிய கதையே எனக்கு வேண்டும்.

பழைய மோடம்:

அந்தக் காப்பிப் பாத்திரம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், ட்ரோஜன் அறை எனப்பட்ட அறைக்கு வெளியே இருந்தது. மற்ற மாடிகளிலிருந்து படியேறி வருகிறவர்கள் பாத்திரம் காலியாக இருப்பதைக் கண்டு வெறுங்கையோடு திரும்புவது வழக்கமாகிவிட்டதால், 1991இல் ஆய்வாளர்கள் ஒரு கேமராவை அதன் பக்கம் திருப்பி வைத்தார்கள். படம் பிடித்து அனுப்பும் நிரலைப் பால் ஜார்டெட்ஸ்கியும், அதை அவரவர் திரையின் மூலையில் காட்டும் நிரலைக் குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசரும் எழுதினார்கள். படத்தின் அளவு 128க்கு 128 புள்ளிகள். அதுவும் கறுப்பு வெள்ளை. இன்றைய கைப்பேசியில் ஒரு செயலியின் சின்னம்கூட அதைவிடத் தெளிவாக இருக்கும்.

இரண்டு ஆண்டுகள் அது ஆய்வகத்தின் உள் வலையமைப்போடு நின்றது. 1993இல் உலாவிகள் படங்களைக் காட்டத் தொடங்கியதும், அவ்வாண்டு நவம்பரில் அதை வலையில் ஏற்றினார்கள். அதன்பிறகு, அந்தப் பாத்திரத்திலிருந்து ஒரு மடக்குக்கூடக் குடிக்க வாய்ப்பில்லாத மனிதர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து, காப்பி எவ்வளவு மீதமிருக்கிறது என்று பார்க்கலானார்கள். ஆய்வகம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது, 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை நிறுத்தினார்கள். இயந்திரத்தை ஈபே ஏலத்தில் ஜெர்மானியச் செய்தித்தளமான ஷ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டுக்கு வாங்கியது.

மீன்தொட்டி, உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்துடையது. நீங்கள் இன்றும் பார்க்க விரும்பினால், சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1994இல் வைத்த ஃபாக்கேம் என்ற வலைக்கேமரா இருக்கிறது. 2019இல் அதை மூடுவதாக அறிவித்தார்கள். பிறகு பல்கலைக்கழகமே பொறுப்பேற்றுக்கொண்டது. பெரும்பாலான நேரம் பனிமூட்டம்தான் தெரியும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

கொடிமுல்லை:

காப்பி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆர்எஃப்சி வரிசையில் 2324ஆம் எண் ஆவணம் 1998 ஏப்ரல் முதல் தேதியில் வந்தது. லாரி மசின்டர் எழுதிய அது, காப்பிப் பாத்திரத்தை வலைவழியே இயக்குவதற்கான நெறிமுறை. பால் ஊற்றுவதை நிறுத்தச் சொல்ல அதில் தனிக் கட்டளையே உண்டு. காஃபீன் நீக்கிய காப்பிக்கு மட்டும் வழி வைக்கவில்லை. தேநீர்க் கெண்டியிடம் காப்பி கேட்டால் 418 என்ற பிழை எண்ணோடு ‘நான் ஒரு தேநீர்க் கெண்டி’ என்று அது பதில் சொல்ல வேண்டும். நகைச்சுவையாக எழுதப்பட்ட இந்த எண்ணை நிரலாளர்கள் நிஜ மென்பொருள்களில் சேர்த்துவிட்டார்கள். 2017இல் நீக்கலாம் என்ற பேச்சு வந்தபோது எதிர்த்துக் காப்பாற்றியும் விட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது டெலிகார்டன். கென் கோல்ட்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 1995இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு தோட்டத்தின் நடுவே இயந்திரக் கையை நிறுவி, பதிவு செய்துகொண்ட எவரும் எந்த நாட்டிலிருந்தும் விதை நடவும் தண்ணீர் ஊற்றவும் வழிசெய்தார்கள். அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்குச் சென்ற தோட்டம் 2004 வரை அங்கே இருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் செடிக்குத் தண்ணீர் விடும்படி பக்கத்து வீட்டாரைக் கேட்பதுபோல, முகம் அறியாத உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

எண்ணுக்கணக்கு:

நண்பர்கள் இருவரும் வேடிக்கையையே எழுதியிருப்பதால், பயனைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டுக்கும் இடையே நாம் போடும் கோடு அப்போது இருந்ததாகத் தெரியவில்லை. இன்று திரைப்படத் தகவலுக்கு எல்லோரும் போகும் ஐஎம்டிபி, வலைக்கு முன்பே இருந்த யூஸ்நெட் என்னும் கலந்துரையாடல் அமைப்பின் குழுவொன்றில் அழகிய கண்களை உடைய நடிகைகளைத் தொகுத்த பட்டியல்களிலிருந்து வளர்ந்தது. கோல் நீதம் அவற்றைத் தேடுவதற்கான நிரல்களை 1990 அக்டோபரில் வெளியிட்டார்; 1993இல் கார்டிஃப் பல்கலைக்கழகக் கணினி வழியாக அது வலைக்கு வந்தது.

கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964இல் மாணவராக இருந்தபோது எண் வரிசைகளைச் சேகரிக்கத் தொடங்கினார். 1994இல் மின்னஞ்சல் வழியே அந்தத் தொகுப்பைப் பயன்படுத்த வசதி செய்தார்: 1, 2, 5, 14, 42 என்று எழுதி அனுப்பினால், அவை கட்டலான் எண்கள் என்றும், அடைப்புக்குறிகளை எத்தனை வகையாக இடலாம் போன்ற கணக்குகளில் வருபவை என்றும் பதில் வரும். 1996இல் வலைத்தளமாகிய அதில் இன்று மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் உள்ளன. தோற்றத்தில் இன்னும் தொண்ணூறுகளின் வாடை போகவில்லை. போகவும் வேண்டாம் என்பது என் விருப்பம்.

அழிந்த பக்கங்களுக்கு, 1996 முதல் வலைப்பக்கங்களின் நகல்களைச் சேகரித்துவரும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினைப் பாருங்கள். எவரும் சொந்தப் பக்கம் அமைக்க இலவச இடம் தந்து 2009இல் மூடப்பட்ட ஜியோசிட்டீஸின் அசையும் படங்களில் 45 இலட்சத்தை அவர்களே ஜிஃப்சிட்டீஸ் என்ற பெயரில் தேடத் தந்திருக்கிறார்கள்.

நூலகப்பூனை:

மூவருக்கும் மிக்க நன்றி. வேபேக்கில் ஒரு பழைய தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவே தெரிகிறது. கோப்பு பழுதாகிவிட்டதா?

பழைய மோடம்:

பழுதில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு பரவுவதற்கு முன், எழுத்துருவில் இருந்த 256 இடங்களில் பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளுக்குரிய மேல் 128 இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தே எழுத்துருக்கள் செய்தார்கள். திஸ்கி என்பது அப்படிப்பட்ட ஒரு குறியேற்றம். உரிய எழுத்துரு இல்லாத கணினி அந்த இடங்களுக்குரிய ஐரோப்பிய எழுத்தையே காட்டும். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்களில் பலவும் திஸ்கியில் வெளிவந்தவையே.

பக்கத்தில் உள்ளதை அப்படியே நகலெடுத்து, பொங்குதமிழ் போன்ற மாற்றியில் ஒட்டி, திஸ்கி என்று தெரிவு செய்யுங்கள். ‘கொ’ போன்ற எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். மாற்றி அதையும் சரிசெய்துவிடும். சொற்கள் உடைந்து வந்தால் டாப் என்ற இன்னொரு குறியேற்றத்தைத் தெரிவு செய்து பாருங்கள். லினக்ஸ் வைத்திருந்தால் குறியேற்றம் மாற்றும் ஐகான்வ் கட்டளைக்கே திஸ்கி தெரியும்.

நூலகப்பூனை:

திஸ்கியில் சரியாக வந்துவிட்டது ஐயா. அரை மணி நேரம் போராடி மீட்டெடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘இப்பக்கம் உருவாகிக்கொண்டிருக்கிறது, விரைவில் வருக.’